அத்தானுக்காகத் தேர்ந்தெடுத்த பெட்டிகள்

அக்காவின் கணவரை வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வருடங்களில், அவர் தொழிலுக்கு வேண்டிய ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு ஒயரையும் நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். இன்று அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘அக்கா வீட்டில்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை பார்த்தவர். நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அதன்பிறகு மணக்காட்டில் ஒரு வாடகை வீட்டில் அம்மா, அக்கா, நான். தொண்ணூறுகளின் நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தானும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு அருகே ஒரு மாடியில், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ஒற்றை அறைக் கடை வைத்திருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தலையில் ஹெட்போனை மாட்டுவார், சாப்பிடும்போதுதான் கழற்றுவார். கீழே தேங்காய் உடைகிற சத்தமும் பஸ் ஹாரனும் ஓயாது. அது காதில் விழக் கூடாது என்று வால்யூமை ஏற்றி வைத்துக்கொள்வார். பக்கத்தில் நின்றால் ஹெட்போனுக்கு வெளியே பாட்டு நமக்கே கேட்கும்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். “டைப்பிங் படிச்சா ஆபீஸ்ல வேலை கெடைக்கும், இதைப் படிச்சு ரேடியோ கடைல உக்காரப் போறாளா?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. படிப்பு முடிந்து தம்பானூரில் ஓர் ஆடியோ சர்வீஸ் கடையில் உட்கார்ந்தேன். ரேடியோ கடை என்று சொன்னவர்கள் சொன்னது ஒருவிதத்தில் சரிதான். ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எரிந்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, எது போயிற்று என்று கண்டுபிடித்து மாற்றி, மறுபடி பாட்டு வரும்போது உண்டாகும் சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

சிடி வந்து கேசட் படுத்தபோது அத்தான் கடையை மூடிவிட்டுக் கல்யாண வரவேற்புக்கும் கல்லூரி விழாவுக்கும் பாட்டுப் போடப் போனார். கொஞ்ச நாளில் அதற்கு டிஜே என்று பெயர் வந்தது. ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசையாக வந்ததும் அவருக்கு நேரம் திரும்பியது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆண்டு விழா. ஆண்டு விழா என்றால் கடைசியில் ஆட்டம். ஆட்டம் என்றால் டிஜே. அத்தானுக்கு ஆளைப் பார்த்துப் பாட்டுப் போடத் தெரியும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வந்தால் ஓரமாக உட்கார்ந்திருப்பவனும் எழுந்து வருவான் என்பது அவருக்கு அத்துப்படி. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன்.

அப்படித்தான் கோவளம் போகும் சாலையில் இருந்த ஒரு ஹோட்டல் அவரைக் கூப்பிட்டது. பெரிய ஹால் ஒன்று கட்டியிருந்தார்கள். வார இறுதியில் டிஜே, மற்ற நாட்களில் கம்பெனி விருந்துகள். சவுண்ட் சாமான்கள் எல்லாம் ஹோட்டலே வாங்கும். என்ன வாங்க வேண்டும் என்று அத்தான் சொன்னால் போதும். அத்தான் அன்று மாலை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“ஏ பிள்ளே, நீயே செலக்ட் பண்ணிக் கொடு. எனக்குப் பாட்டுதான் தெரியும். பின்னால இருக்கிற சாமானம் உன் பொறுப்பு, கேட்டியா?” என்றார்.

அன்று நான் எப்படி இருந்தேன் என்று நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது. அவ்வளவு சந்தோஷப்பட்டேன். கையேடுகளைப் படுக்கையில் வைத்துக்கொண்டு படித்தேன். துபாயிலிருந்து வருகிறவர்களைப் பிடித்து, அங்கே என்ன புதிதாக வந்திருக்கிறது என்று விசாரித்தேன். இரண்டு சிடி பிளேயர், பாட்டுகளைக் கலந்து அனுப்ப ஒரு மிக்சர், அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு டிஜிட்டல் பிராசசர். ஹாலின் மூளை அந்தப் பிராசசர்தான். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூர்மையான சத்தத்தை ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அளவுக்கு மேல் போனால் லிமிட்டர் என்கிற காவல் அதைப் பிடித்து நிறுத்தும், ஸ்பீக்கர் எரியாது. நான் தேர்ந்தெடுத்தது ஆடம்பரமானதல்ல, ஆனால் நம்பலாம். ஹாலைத் திறந்த அன்று நான் ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, இதமாக, தெளிவாக இருந்தது. அக்கா தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். “நல்லாத்தாண்டி பண்ணியிருக்கே” என்றாள்.

சில மாதங்களில் அத்தான் குறை சொல்லத் தொடங்கினார்.

“சத்தம் மூடிக் கெடக்கு பிள்ளே. போர்வை போத்தின மாதிரி. ஒரு பளபளப்பு இல்ல பாத்தியா.”

நான் போய்க் கேட்டேன். எனக்கு எந்தப் போர்வையும் தெரியவில்லை. ஆனால் தொழில் பண்ணுகிறவர் அவர், தினமும் கேட்கிறவர். அதனால் முதலில் மிக்சரிலிருந்து பிராசசருக்குப் போகும் சாதாரண ஒயர்களைச் சந்தேகப்பட்டேன். மேடை விளக்குகளின் இரைச்சல் அந்த ஒயர்களில் ஏறி ஒரு மெல்லிய முனகல் வருவது உண்மைதான். மிக்சரில் டிஜிட்டல் வெளியீடு இருந்தது. கோஆக்சியல் கேபிள் போட்டு அந்த வழியாக இணைத்தேன். முதலில் சத்தமே வரவில்லை. மிக்சர் அனுப்பும் வேகம் ஒன்று, பிராசசர் வாங்கிக்கொள்ளும் வேகம் வேறு. இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்ததும் ஹால் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. முனகல் போய்விட்டது.

அத்தான் தலையை ஆட்டினார். “போராது.”

அடுத்து ஆப்டிக்கல் கேபிள். கண்ணாடி நூல் மாதிரி இருக்கும். அதில் மின்சாரம் போகாது, சிவப்பு வெளிச்சம்தான் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து என் பழைய பிளேயரில் சொருகி, முனையை உள்ளங்கையில் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். “இந்த வெளிச்சத்துக்குள்ளயா பாட்டு இருக்கு?” என்று அம்மா குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். ஹாலில் அது நிலைக்கவில்லை. காலில் இடறினால் கழன்று வந்துவிடும். ஓர் ஆட்டத்தின் நடுவே கழன்று ஹாலே ஊமையானது. பிறகு மைக் ஒயர் மாதிரி பூட்டிக்கொள்கிற தலைகொண்ட டிஜிட்டல் கேபிளைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் போட்டேன். அதோடு பிராசசரையும் மாற்றச் சொன்னார் அத்தான். மாற்றினோம்.

அப்போது அவரிடம் சொன்னேன். “அத்தான், டிஜிட்டல்ல கேபிள மாத்துனா பளபளப்பு ஏறாது. வந்தா முழுசா வரும்; வரலைன்னா வெட்டி வெட்டி வரும். நடுவுல ஒண்ணும் இல்ல.”

“நீ புக்கு படிச்சுட்டுச் சொல்ற. நான் காதால தொழில் பண்றவன்” என்றார்.

நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனிதர் நான் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். என் கடை முதலாளி என்னிடம் பேசும்போது செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அதனால் அத்தானின் அந்தப் பார்வை எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இதற்கிடையில் ஹோட்டல் மேனேஜரிடமிருந்து வேறு புகார் வந்தது. அவர் கொல்லத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். ஒரு கம்பெனி விருந்து முடிந்த மறுநாள் என்னை நிறுத்தி, “எந்தா மோளே இது? ஆள்க்கார் செவி பொத்தி நிக்குன்னு” என்றார். ஆடுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்களாம். எனக்குப் புரியவில்லை. அத்தானுக்குச் சத்தம் மூடிக் கிடக்கிறது. வந்தவர்களுக்குக் காதைக் குத்துகிறது. போய்ப் பார்த்தால் கூர்மையான சத்தத்துக்குரிய குமிழை அத்தான் கடைசி வரை திருகி வைத்திருந்தார். லிமிட்டரையும் அணைத்திருந்தார். நான் சரிசெய்து வைத்தேன். அடுத்த வாரம் மறுபடி அதே நிலை. ட்வீட்டர்கள் எரிந்தன. புதிதாகப் போட்டதும் எரிந்தன. சாமான் தேர்வு சரியில்லை என்று ஹோட்டலில் பேச்சு வந்தது. தேர்வு என்றால் நான்.

கோளாறு எங்கே என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒரு சோதனை சிடி தயாரித்தேன். பாட்டு இருக்காது, தாழ்ந்த ‘ம்ம்’ என்ற ஒலியில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்ந்து, கொசு ரீங்காரம் மாதிரி கூர்மையாகி முடியும் ஒரே ஒரு ஒலி. எந்த இடத்தில் ஸ்பீக்கர் தடுமாறுகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஒரு மதியம் அத்தானையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அன்று மாலை ஏதோ விருந்து. பரிமாறுகிறவர்கள் மேஜைகளில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஆடும் தளத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“போடு.”

போட்டேன். ஒலி ஏறியது. கனத்த சத்தத்தில் தரை அதிர்ந்தது, அவர் தலையசைத்தார். நடுவில் வந்தது, தலையசைத்தார். அதற்கு மேலே ஏறியபோது அசைவு நின்றது. நான் மீட்டரைப் பார்த்தேன். சத்தத்தின் அளவைக் காட்டும் விளக்குகள் மேல் வரை எரிந்துகொண்டிருந்தன. என் பல் கூசியது. தட்டு அடுக்கியவர் தட்டுகளை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். இன்னொருவர் “அய்யோ, நிறுத்தூ” என்று கத்தினார். அத்தான் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“என்ன, கரண்ட் போச்சா?”

என் கை நிறுத்தும் பட்டனில் இருந்தது. அழுத்தத் தோன்றவில்லை. அவர் திரும்பி, காதைப் பொத்திக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் நான் நிறுத்தினேன். அவர் வெளியே போய் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்காகத்தான். காதை வைத்துப் பிழைக்கும் மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே, அதை அவர் இன்றுதான், அதுவும் என் எதிரில், நாலு பேர் பார்க்கத் தெரிந்துகொண்டாரே என்று தவித்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

அக்கா அடுக்களையில் கப்பக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் நேரே மாடிக்குப் போய்விட்டார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, அத்தானுக்குக் காது...” என்று தொடங்கினேன்.

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. “உனக்கும் தெரிஞ்சு போச்சா?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“டாக்டர்கிட்ட நான்தானே கூட்டிட்டுப் போனேன். ஹோட்டல் வேலை வர்றதுக்கு முன்னாலயே. கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும் அவியளுக்குக் கேக்காது, இனி அது திரும்பாதுன்னு சொல்லியாச்சு.”

“அப்புறம் எதுக்கு என்னைக் கேபிள் மாத்து, பெட்டி மாத்துன்னு அலைய விட்டீங்க?”

“நான் அலைய விட்டேனா? அவிய மனசு ஒத்துக்கல்ல. பெட்டில எங்கயாவது கொறை இருக்கும்னு ஒரு நெனைப்பு. நெனைச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்.”

“ஊரெல்லாம் என்னைத்தான் சொல்றாங்க அக்கா. நான் வாங்கினது சரியில்லன்னு.”

“சொல்லட்டுமே. உனக்கு என்ன போச்சு?” அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “டிஜேக்குக் காது கேக்காதுன்னு வெளிய போச்சுன்னா அன்னைக்கோட எங்க சோறு போச்சு. உனக்கு சம்பளம் இருக்கு. நாளைக்குக் கல்யாணம் ஆகி வேற வீட்டுக்குப் போவே. எனக்கு இதான். யார்கிட்டயும் சொல்லாதே. அம்மாகிட்டயும் சொல்லாதே.”

சரி என்றேன். சொல்லக் கூடாது என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அந்த ராத்திரி தூங்காமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பாட்டுத் தேர்வும் ஆட்களை ஆட்டிவைப்பதும் அவர் கையில் இருக்கட்டும்; சத்தத்தின் அளவு என் கையில் இருக்கட்டும். வார இறுதியில் நான் ஹாலில் நின்று பிராசசரைப் பார்த்துக்கொள்வேன். எந்த அளவுக்கு ஏற்றலாம் என்று மீட்டரில் அவருக்கு அடையாளம் வைத்துக் கொடுப்பேன். யாருக்கும் தெரியாது, எதுவும் எரியாது. மறுநாள் இதை அத்தானிடம் சொன்னேன். மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. முன்னால் போய் உட்கார்ந்து மறுபடி சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது.

“ஒரு பொம்பளப் பிள்ளையோட காத வச்சு நான் தொழில் பண்ணணுமா? எனக்கு ஒரு கொறையும் இல்ல. நீ வாங்கிக் கொடுத்த சாமானம் சரியில்ல. அதை முதல்ல சொல்லு.”

அக்கா பக்கத்தில் நின்றாள். குனிந்து மகளின் மற்றொரு செருப்பை எடுத்து மாட்டினாள்.

மறுபடி ட்வீட்டர்கள் எரிந்தபோது மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. காரணம் என்ன, யார் லிமிட்டரை அணைப்பது என்று மட்டும் கேட்டார். அத்தான் என்னை முந்திக்கொண்டு மலையாளத்தில் சொன்னார். “எல்லாம் இவள் செலக்ட் செய்ததா சாரே. சின்னக் குட்டியல்லே, பரிசயம் போரா.” சின்னப் பெண்ணாம், அனுபவம் போதாதாம். கொச்சியில் நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார், அவரை வைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “மோள் எந்து பறயுன்னு?” நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எதற்கென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கவனமும் இல்லை, மரியாதையும் இல்லை. உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளும் அதைத்தான் செய்திருக்கிறார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. “ஒண்ணும் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தம் வரை நடக்கும்போது, பின்னால் அவர் ஸ்கூட்டர் வருகிறதா, ஒரு வார்த்தை சொல்கிறாரா என்று பார்த்தேன். ஸ்கூட்டர் வந்தது. என்னைத் தாண்டிப் போனது.

வெளியாள் முன்னால் சொன்னதை நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் விழுங்க முடியாதது. அக்கா குடும்பம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. ஹோட்டலில் என்ன பிரச்சினை என்று அம்மா கேட்டாள். அத்தான் பதில் சொல்லவில்லை. அம்மா பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. அக்காதான் சொன்னாள். கூட்டுப் பாத்திரத்திலிருந்து எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

“இவ தெரியாத்தனமா எதையோ வாங்க வச்சுட்டா அம்மா. அவியளுக்குத்தான் கெட்ட பேரு. போட்டும், சின்னவதானே.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே அவள் அந்தக் கேள்வியைக் கடந்திருக்கலாம். ‘மிஷின் ரிப்பேர்’ என்று சொன்னால் அம்மா மேலே கேட்கப் போவதில்லை. அவள் தேவைக்கு மேலேயே என் மீது பழி போட்டாள்.

“தெரியாத வேலைல எதுக்குட்டி தலைய நுழைச்சே?” என்றாள் அம்மா. “மாப்பிள்ள உன்னை நம்பித்தானே விட்டாரு.”

தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

பழவங்காடியிலும் தம்பானூரிலும் சவுண்ட் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரியும். அதற்கு முன் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற இரண்டு மூன்று பேர் மிக்சர் வாங்கும் முன் எனக்குப் போன் பண்ணி, இது எடுக்கலாமா, அது எடுக்கலாமா என்று கேட்பார்கள். அந்தப் போன்கள் நின்றன. கடை முதலாளி, செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமலே, “நீ இனி ரிப்பேர் மாத்திரம் நோக்கியால் மதி” என்றார். ரிப்பேர் மட்டும் பார்த்தால் போதுமாம். சில மாதம் பார்த்தேன். பிறகு கழக்கூட்டத்தில் ஒரு கால் சென்டரில், பேசுகிறவர்களின் ஹெட்செட்களையும் லைன்களையும் பராமரிக்கும் வேலைக்குப் போய்விட்டேன். நல்ல சம்பளம், வீட்டு வாசலுக்கு வண்டி வரும். அம்மாவுக்கு நிம்மதி. அந்த வேலையில் யாரும் என்னிடம் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. வந்ததை மாட்ட வேண்டும், பழுதானதைக் கழற்ற வேண்டும்.

அந்தக் கம்பெனியின் விருந்து ஒரு வருடம் அதே ஹாலில் நடந்தது. போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளே நுழைந்ததும் காதுதான் முதலில் பார்த்தது: சத்தம் இதமாக, தெளிவாக, எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருந்தது. அத்தான் மேடையில் கைதூக்கி ஆடிக்கொண்டிருந்தார். நான் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கொச்சிக்காரர் எதையும் மாற்றியிருக்கவில்லை. நான் வாங்கின பிராசசர், நான் போட்ட டிஜிட்டல் கேபிள், நான் வைத்த லிமிட்டர் அளவுகள்கூட அப்படியே இருந்தன. ஒரே ஒரு வேலை செய்திருந்தார். முன்னால் ஒரு இரும்புச் சட்டத்தைப் போட்டுப் பூட்டி, சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டார். டிஜே இனிக் கைவைக்க முடியாது. அத்தானுக்கு அன்றும் சத்தம் மூடித்தான் கிடந்திருக்கும். ஆனால் கொச்சியிலிருந்து வந்த ஆளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. என்னிடம் வந்த வாய்.

பக்கத்தில் நின்ற தோழி, “சவுண்ட் சூப்பர் அல்லே?” என்றாள். ஆமாம் என்றேன்.

பிறகு அவருக்குக் காது இன்னும் மந்தமானது. ஒரு கல்யாண வரவேற்பில், பெண்ணின் அப்பா பேச வேண்டும், பாட்டை நிறுத்து என்று பலமுறை கத்தியும் அவர் திரும்பிப் பார்க்காமல் ஆடிக்கொண்டிருந்தாராம். யாரோ மேடையேறி ஒயரைப் பிடுங்கினார்களாம். ஹோட்டல் அவரை நிறுத்திவிட்டது. அக்கா ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா சொல்லும்போது, “அன்னைக்கு ஆரம்பிச்ச கெட்ட பேருதான்” என்று பெருமூச்சு விடுவாள். காது கேட்காமல் போனதுகூட அந்தச் சரியில்லாத சாமான்களால்தான் என்பது அவள் முடிவு. யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

சில வருடம் கழித்து அக்கா போன் பண்ணினாள். அவள் குரலைக் கேட்டு நாளாகியிருந்தது.

“மெடிக்கல் காலேஜ் பக்கத்துல ஒரு இடத்துல காது மிஷின் கொடுக்கிறாங்க. என்னென்னவோ சொல்றாங்க, டிஜிட்டல்ங்கிறாங்க, சேனல்ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. நீ வந்து எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு.”

நான் ஏன் போனேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல மனதால் என்று சொல்ல ஆசைதான். எனக்கு உண்மையில் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவர்கள் இருவரும் எப்படி என் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா இளம் வயது, பொறுமையாக விளக்கினார். காதுக்குப் பின்னால் மாட்டும் அந்தச் சிறு கருவி, ஹாலில் நான் வைத்த அதே பிராசசர்தான். சத்தத்தைப் பிரிக்கிறது, இல்லாததைக் கூட்டுகிறது, அளவு மீறினால் அமுக்குகிறது. எனக்கு எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேஜையில் இருந்தவற்றில் அவருடைய குறைக்குப் பொருந்தும் ஒன்றைக் காட்டினேன். டாக்டரம்மா, “நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்” என்றார். அத்தானுக்கு மாட்டினார்கள். அவர் முகம் சுருங்கியது. மின்விசிறி, நாற்காலி இழுபடும் சத்தம், காகிதம் புரளும் சத்தம் எல்லாம் ஒரேயடியாக வந்திருக்க வேண்டும்.

“ரொம்பக் குத்துது. கொறைக்கச் சொல்லு” என்றார் அக்காவிடம்.

என்னிடம் சொல்லவில்லை. நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். பழகப் பழகச் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னார். கிளம்பும்போது அவர் டாக்டரம்மாவிடம் என்னைக் காட்டி, “இவ எங்க வீட்டுப் பொண்ணு, சவுண்ட் லைன்ல இருந்தவ” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தவள். ஏன் இருந்தவளானேன் என்பது அவருக்கு மறந்தே போயிருந்ததா, மறந்த மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியாது. மறந்துபோயிருந்தால் அது இன்னும் மோசம்.

வெளி வராந்தாவில் அக்காவும் நானும் தனியாக நின்றோம்.

“அம்மாகிட்ட சொன்னியா?” என்று கேட்டேன்.

“என்னத்த?”

“பெட்டில கொறை இல்ல, காதுலதான்னு. ஹோட்டலுக்கு முன்னாலயே தெரியும்னு.”

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். “பழசெல்லாம் இனி எதுக்குட்டி? அம்மாவுக்கு வயசாச்சு. நீயும் நல்லாத்தானே இருக்கே?”

“நீ சொல்லணும் அக்கா. நான் சொன்னா பழி வாங்குறேன்னு நெனைப்பா.”

“செரி, பாக்கலாம்” என்றாள்.

அவள் சொல்லவில்லை. அடுத்த வருடம் அம்மா படுத்துவிட்டாள். நான்தான் கூட இருந்து பார்த்தேன். பேச்சு தெளிவாக இருந்த நாட்களில் வந்துபோகிறவர்களிடம் எல்லாம் மகள்களைப் பற்றிச் சொல்வாள். மூத்தவள் எவ்வளவு கஷ்டப்படுகிறாள், மாப்பிள்ளைக்கு எப்படித் தொழில் போயிற்று என்பதெல்லாம் வரும். “சின்னவ தெரியாம எதையோ வாங்கிக் கொடுத்துட்டா. பாவம், அவளும் வேணும்னு செய்யல்ல” என்று எனக்காகப் பரிந்துபேசுவாள். நான் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அக்காவும் சில நாள் அங்கே இருந்தாள். அம்மா அதைச் சொல்லும்போது அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தவோ மருந்து எடுக்கவோ போவாள்.

அம்மா அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். பதினாறு முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். நமக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு மணக்காடு வீட்டைக் காலி செய்து சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கழக்கூட்டத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அக்கா விசேஷ நாட்களில் போன் பண்ணுகிறாள். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன், சுகம் என்கிறாள். பின்னணியில் டிவி சத்தம் அளவுக்கு மேல் ஏற்றிவைத்திருப்பது கேட்கிறது. அவர் மிஷினை மாட்டிக்கொள்வதில்லை என்று தெரிகிறது. நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை.